சுக்கு, மிளகு, ஜெர்மனி

எங்கள் வீட்டில் முதன்முதலாக ஐரோப்பியப் பாஸ்போர்ட் வாங்கியது மிளகு. இரண்டாவது சுக்கு. மிச்சம் இருக்கும் மூன்று பேரும் இந்தியப் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையுமாக இன்னும் வரிசையில்தான் நிற்கிறோம்.

இரண்டும் ஃபெரட்டுகள், வீட்டில் வளர்க்கும் ஒல்லியான, நீண்ட உடம்புச் சின்னப் பிராணிகள். கால்நடை மருத்துவர் தோலுக்கடியில் இருக்கும் சிப்பின் எண்ணைக் கருவியை வைத்துப் படித்தார். வெறிநோய்த் தடுப்பூசியின் ஒட்டுச்சீட்டை ஒட்டினார், கையெழுத்துப் போட்டார், நீல அட்டையில் மஞ்சள் நட்சத்திரம் போட்ட சின்னப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான், வேலை முடிந்தது. அதே வாரம் எனக்கு ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம்: விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, நடுவில் விசாரிக்க வேண்டாம். சிரிப்பு வந்தது. எரிச்சலும் வந்தது, அதை எதற்கு மறைப்பானேன்.

இந்தப் பாஸ்போர்ட்டை ஐரோப்பிய ஒன்றியம் மூன்றே மூன்று பிராணிகளுக்குத்தான் தருகிறது: நாய், பூனை, ஃபெரட். 2013ஆம் ஆண்டு விதிமுறையிலேயே அப்படித்தான் இருக்கிறது. முயலுக்கும் கிளிக்கும் இந்தக் கொடுப்பினை கிடையாது. பிறந்து பன்னிரண்டு வாரம் ஆனதும் வெறிநோய் ஊசி, ஊசி போட்டு 21 நாள் காத்திருப்பு, அப்புறம் மிளகு தாராளமாக பாரிசுக்கோ ரோமுக்கோ போய் வரலாம். எங்கள் ஊர் மாயவரத்துக்கு மட்டும் போக முடியாது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அம்மாவுக்கு வீடியோவில் காட்டியபோது, "கீரிப்பிள்ளையையா வீட்டுக்குள்ள விட்டிருக்கே?" என்றாள். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் கீரி பூனைக்குக் கிட்டத்துச் சொந்தம். ஃபெரட் நீர்நாயின் குடும்பம். ஐரோப்பாவில் முயல் பிடிக்கவும் எலி பிடிக்கவும் இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக மனிதர்கள் பழக்கி வைத்திருக்கும் பிராணி. இவ்வளவையும் அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "சரி, சுக்கு இருக்கு, மிளகு இருக்கு, திப்பிலி எங்கே?" என்றாள்.

ஆசைப்பட்டது மகள். இங்கேயே பள்ளிக்கூடம் சேர்ந்தவள், சிநேகிதி வீட்டில் பார்த்துவிட்டு வந்தாள். ஒன்று போதும் என்று விலங்குக் காப்பகத்துக்குப் போனால், ஒற்றையாகத் தரமாட்டார்களாம். தனியாக வைத்தால் ஏங்கிப்போகும், குறைந்தது இரண்டு வேண்டும் என்றார்கள். அதோடு விட்டார்களா? வீட்டைப் பார்க்க ஒருவர் வந்தார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வதுபோல நானும் வீட்டைப் பெருக்கித் துடைத்து, காபி போட்டு வைத்திருந்தேன். மனிதர் காபியைத் தொடவே இல்லை. சமையலறை அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்து, சுவருக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் கையால் அளந்துவிட்டு, "தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும், இதை அடையுங்கள்" என்றார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம். காப்பகத்துக்குக் கொடுத்த பணம் சொற்பம். கூண்டுக்கு அதைவிடப் பல மடங்கு ஆனது.

ஊரில் எங்கள் தெருவில் ஒரு பூனை இருந்தது. யார் வீட்டுப் பூனை என்று யாரும் கேட்டதில்லை. மத்தியானம் எங்கள் வீட்டுத் தயிர்சாதம், சாயங்காலம் எதிர்வீட்டுப் பால், கடைசி வீட்டில் மீன் வாங்கும் நாளில் அங்கே ஆஜர். அதற்கு ஊசி போட்டவர் இல்லை, பேர் வைத்தவரும் இல்லை. ஒரு மழைக்காலத்துக்கு அப்புறம் வரவில்லை. நாலு நாள் கழித்துப் பாட்டிதான் கேட்டாள், "அந்தப் பூனையைக் காணுமே?" என்று. அவ்வளவுதான்.

இங்கே தயிர்சாதம் நடக்காது. ஃபெரட் இறைச்சியை மட்டுமே தின்று வாழும் பிராணி. குடல் சிறியது, தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால் நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னவேண்டும். தானியம், பழம், இனிப்பு எதுவும் ஆகாது. பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத நான், இப்போது கோழி ஈரலைக் கிராம் பார்த்து நறுக்குகிறேன். உறைந்த கோழிக்குஞ்சுகள் வேறு, முழுசாக, மஞ்சள் இறகோடு. ஆண் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொல்வதை ஜெர்மனி 2022 ஜனவரியிலிருந்து தடை செய்துவிட்டது. அதனால் அவை வெளிநாட்டிலிருந்து பொட்டலமாக வருகின்றன. எங்கள் ஃப்ரீசரில் மேல்தட்டு துருவிய தேங்காய்க்கு, கீழ்த்தட்டு குஞ்சுகளுக்கு. முதல் மாதம் கண்ணை மூடிக்கொண்டு திறந்தேன். இப்போது எது எந்தப் பையில் என்று தடவியே சொல்லிவிடுவேன்.

வீட்டுச் சொந்தக்காரர் விஷயமும் இருக்கிறது. கூண்டில் வளரும் சின்னப் பிராணிகளுக்கு இங்கே அனுமதி கேட்கத் தேவையில்லை. நாய், பூனைக்கு ஒட்டுமொத்தமாகத் தடை போடும் வாடகை ஒப்பந்தம் செல்லாது என்று 2013இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஃபெரட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதன் வாடைதான் காரணம். கருத்தடை செய்தால் குறையும், போகாது. அடிக்கடி குளிப்பாட்டினால் தோலில் எண்ணெய் இன்னும் அதிகம் சுரந்து வாடை கூடுமாம். அம்மா சீயக்காய் போடச் சொன்னாள். வீட்டுச் சொந்தக்காரர் வந்து மூக்கை உறிஞ்சிவிட்டு, "இது உங்கள் சமையலா, அந்தப் பிராணியா?" என்று கேட்டார். அன்று சாம்பாருக்குப் பெருங்காயம் போட்டிருந்தேன். பிராணி என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் பிராணி பரவாயில்லை போலிருக்கிறது, தலையாட்டிவிட்டுப் போனார்.

நாய்க்கு இங்கே ஊராட்சி வரி உண்டு, ஃபெரட்டுக்கு இல்லை. சேமிப்பு என்று எழுத அது ஒன்றுதான் கிடைக்கும். கால்நடை மருத்துவரின் கட்டணத்துக்கு இங்கே அரசு அட்டவணையே இருக்கிறது, 2022 நவம்பரில் திருத்தி உயர்த்தினார்கள். நாய், பூனை, ஃபெரட்டைச் சும்மா தொட்டுப் பார்த்து ஆலோசனை சொல்ல அடிப்படைக் கட்டணம் 23.62 யூரோ, வரி தனி. அதை மூன்று மடங்கு வரை வாங்கலாம். ராத்திரி, ஞாயிறு என்றால் குறைந்தது இரண்டு மடங்கு, அதிகபட்சம் நான்கு, அதற்கு மேல் அவசரக் கட்டணம் 50. வருடாந்தர ஊசிகள் போக, ஹார்மோன் குச்சி ஒன்று இருக்கிறது. சுக்கு பெண். இந்த இனத்தில் பெண்ணுக்குச் சூடு வந்து இணை சேராவிட்டால் அது தானாக அடங்காது. ஹார்மோன் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து, ரத்தசோகையில் உயிரே போய்விடும். அறுவைசிகிச்சை செய்தாலோ, பின்னாளில் அட்ரினல் சுரப்பியில் கட்டி வரும் என்கிறார்கள். அதனால் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் அரிசி பருமனுக்கு ஒரு மருந்துக் குச்சி வைக்கவேண்டும்.

எனக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்தால் இவற்றுக்கும் தொற்றலாம், இது தனிக் கூத்து. லண்டனில் 1933இல் மனிதருக்கு வரும் ஃப்ளூ ஒரு வைரஸால் வருகிறது என்று நிரூபித்ததே ஃபெரட்டுகளுக்கு அதைத் தொற்றவைத்துத்தான். போன குளிர்காலத்தில் எனக்கு ஃப்ளூ. மகள் ரசத்தைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, "அம்மா, மிளகு பக்கம் தும்மிடாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள். என்ன ஏது என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனாலும் சாயங்காலம் கூண்டைத் திறக்கும் நேரம் இருக்கிறதே. ஒரு நாளில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்குகிற ஜென்மங்கள், சில சமயம் தூக்கினாலும் துணியாய்த் தொங்கி நம் நெஞ்சை நிறுத்திவிடும். விழித்தாலோ முதுகை வளைத்து, வாயைத் திறந்து, பக்கவாட்டில் குதிகுதியென்று குதித்து, தொக் தொக் என்று சத்தம் போட்டு, சோபாவில் முட்டிக்கொண்டு மறுபடி குதிக்கும். திருட்டு வேறு. சோபாவுக்குப் பின்னால் அவற்றின் கஜானா: காலுறைகள், கார் சாவி, என் சாந்துப் பொட்டு டப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கஜானாவில் குக்கர் கேஸ்கட் கிடைத்தது. ஊரிலிருந்து வாங்கி வந்த மூன்று லிட்டர் குக்கரின் கேஸ்கட். ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பல் தடம், நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு காணோம். ரப்பர் என்றால் இவற்றுக்கு உயிர், உயிரை எடுப்பதும் அதுதான். மிளகு சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்து, முன்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டே பல்லை நறநறவென்று கடித்தது. ராத்திரியோடு ராத்திரியாக எக்ஸ்ரே, குடல் அறுவைசிகிச்சை. பிழைத்துவிட்டது. மறுநாள் ரசீதைப் பார்த்த கணவர் ஒன்றும் பேசாமல் பிராங்பர்ட்–சென்னை விமான டிக்கெட் விலையைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ரசீதுதான் கொஞ்சம் அதிகம். ஊரில் நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கேஸ்கட். குக்கர் இல்லாத வாரம் முழுக்கப் பருப்பை வாணலியில் வேகவைத்தபோது, ஊரில் எங்கள் வீட்டு விசில் சத்தத்தை எண்ணி எதிர்வீட்டு அக்கா தன் அடுப்பை அணைப்பாளே, அந்த நினைப்பாகவே இருந்தது.

பணத்தைக்கூட ஜீரணித்துவிடலாம். ஊருக்குப் போகமுடியாமல் கட்டிப்போட்டிருப்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. கூடவே கொண்டுபோகும் யோசனையையும் பார்த்தாயிற்று. இந்தியாவிலிருந்து திரும்பக் கொண்டுவர, வெறிநோய் எதிர்ப்புச் சக்தியை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் அளந்து பாஸ்போர்ட்டில் பதிவு செய்திருக்கவேண்டும். அதையெல்லாம் செய்தாலும் இவற்றுக்கு வியர்க்காது. முப்பது டிகிரிக்கு மேல் போனால் சுருண்டுவிடும். மாயவரத்தில் முப்பது டிகிரி என்றால் மார்கழி.

விட்டுவிட்டுப் போகலாம் என்றால் யாரிடம்? நாய் விடுதிகள் இருக்கின்றன. ஃபெரட் என்றதும் போனிலேயே குரல் மாறுகிறது. பூனை என்றால் பக்கத்து வீட்டார் வந்து தட்டில் கொட்டிவிட்டுப் போவார்கள். இவற்றைத் தினமும் மூன்று நான்கு மணி நேரம் வெளியே விட்டுக் கூடவே இருக்கவேண்டும், ரப்பரைத் தேடிப் பொறுக்கவேண்டும், குஞ்சை உருக்கிப் போடவேண்டும். எங்கள் வட்டத்தில் ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒரு யாழ்ப்பாணத்து அக்கா, எங்களுக்கு எது என்றாலும் முதலில் ஓடிவருகிறவர், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, பிள்ளையை விட்டிட்டுப் போங்கோ, ஒரு மாசம் வச்சிருக்கிறன். கறிவேப்பிலைச் செடிக்கும் தண்ணி ஊத்துறன். இந்த ரெண்டையும் மட்டும் கொண்டு வந்திடாதேங்கோ."

ஆறு முதல் எட்டு வருடம் இருக்கும் உயிர்கள். கணக்குப் போட்டால் மகள் பள்ளியை முடிக்கும்வரை. அதிலும் ஒரு சிக்கல்: ஒன்று போனால் மற்றதைத் தனியாக விடக்கூடாது, இன்னொன்று வாங்கவேண்டும். அந்தப் புதிது போகும்போது? இந்த ஊரில் காலூன்றிவிட்டோமா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்கிறேன். ஆடிப்பெருக்கு அன்று காவிரித் துறையில் அரிசியும் வெல்லமுமாகப் பாட்டி கையில் வைத்த பிடி, பதில் சொல்லி முடிப்பதற்குள் நாக்கில் வந்துவிடுகிறது.

போன தடவை தம்பி கல்யாணத்துக்கு நான் மட்டும் போனேன். கணவரும் மகளும் இங்கே காவல். சத்திரத்தில் பார்த்தவர்களெல்லாம் "மாப்பிள்ளை வரலியா?" என்று கேட்க, அம்மா ஒவ்வொருவருக்கும் "லீவு கிடைக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மிளகைப் பற்றி மூச்சு விடவில்லை.

அதனால் இந்த முறை அம்மாவே வருகிறாள். அவள் செலவு எல்லாவற்றுக்கும் நாங்கள் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று, அந்தப் பத்திரத்துக்கு 29 யூரோ. தொண்ணூறு நாள் விசா. குளிருக்கு ஸ்வெட்டர், முழங்காலுக்குத் தைலம், எல்லாம் பேசி முடித்துவிட்டோம். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "அந்தக் குஞ்செல்லாம் தேங்காய் இருக்கிற பெட்டியில இருக்கக்கூடாது." பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் சின்ன ஃப்ரீசர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். எண்பது யூரோ சொல்கிறார், கணவர் அறுபதுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.