ஒரு வாஷ்பேசின், ஒரு கண்ணாடி

நாலு நாளாக ஒரே ஓவியத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்பெயின் ஓவியர் அந்தோனியோ லோபஸ் கார்சியா 1967-இல் மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது. இப்போது அமெரிக்காவில், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படத்தில் இருப்பது குளியலறைச் சுவர், வாஷ்பேசின், மேலே கண்ணாடி, கண்ணாடித் தட்டில் சில சாமான்கள். அவ்வளவுதான். ஆனால் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். கண்ணாடியை நேராக நின்று பார்க்கிறோம், வாஷ்பேசினையோ குனிந்து மேலிருந்து பார்க்கிறோம். ஒரே படத்துக்குள் இரண்டு பார்வைகள். காலையில் முகம் கழுவும்போது நாம் செய்வதும் இதுதானே? நிமிர்கிறோம், குனிகிறோம். இரண்டு பார்வைகளும் சேரும் இடத்தை அவர் பூசி மறைக்கவும் இல்லை.

அப்புறம் அந்தக் கண்ணாடி. எதிரே நின்று வரைந்தவரின் முகம் அதில் இல்லை! முதல் முறை கவனித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அவசரமே தெரியாத மனிதர். மாட்ரிட்டின் கிரான் வியா தெருவை வரைய 1974 முதல் 1981 வரை எடுத்துக்கொண்டார், அதுவும் கோடைகால விடியலின் அந்த வெளிச்சம் இருக்கும் சில நிமிடங்களில் மட்டும். எண்ணெய் வண்ணம் மெதுவாகத்தான் காயும். அவருடைய பொறுமைக்கு ஏற்ற ஊடகம்.

வாஷ்பேசினில் படிந்த அழுக்கைக்கூட இவ்வளவு மரியாதையோடு பார்த்த ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. இன்று காலை பல் துலக்கும்போது எங்கள் வீட்டு வாஷ்பேசினையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.