விழுந்து கொடுக்கும் தாத்தா

காசிமேட்டுப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, பதிவேடு எழுதுவது என்று நாள் ஓடிவிடும். அதற்கிடையில் பெற்றோரிடம் நான் ஓயாமல் கேட்பது ஒன்றைத்தான்: வீட்டில் பிள்ளையோடு கொஞ்சம் விளையாடுங்கள்.

"நானே விடியக்காலைல மீன் ஏலத்துக்கு ஓடறேன் டீச்சர். இதுல இவன்கூட எங்க வெளயாடறது?" என்பார்கள். கூடை சுமந்து தோள் கன்றிப்போனவளிடம் என்ன சொல்வது?

உகாண்டாவின் கிபாலே காட்டுச் சிம்பன்சிகளைப் பற்றி 2024-இல் வெளியான ஆய்வுதான் எனக்குத் தெம்பு கொடுத்தது. பழம் கிடைக்காத காலத்தில், வயதுவந்த சிம்பன்சிகள் தங்களுக்குள் விளையாடுவதைக் குறைத்துக்கொள்கின்றன. தாய்கள் மட்டும் குட்டியோடு விளையாடுவதை விடுவதில்லை. கிச்சுகிச்சு மூட்டுகின்றன, துரத்துகின்றன, மல்லாந்து படுத்துக் கைகால்களில் குட்டியை ஏந்தி ஆட்டுகின்றன. பஞ்சத்தில் தாயும் குட்டியும் கூட்டத்தை விட்டுத் தனியே இரை தேடுவதால், குட்டிக்கு அவளை விட்டால் வேறு தோழி இல்லை. இதைப் படித்த அன்று நெடுநேரம் மனம் அதிலேயே இருந்தது.

எங்கள் மையத்துக்குப் பேரனைக் கூட்டிப்போக வலை பின்னும் தாத்தா ஒருவர் வருவார். வாசலில் குந்திக்கொண்டு, "எங்க, தள்ளு பாக்கலாம்" என்பார். முதல் தள்ளுக்கு அசையமாட்டார். அடுத்ததற்கு லேசாகச் சாய்வார். பையன் முகம் சுணங்குவதற்குள் வாயை அகலத் திறந்தபடி மல்லாந்து விழுவார். எவ்வளவு நேரம் தாங்குவது, எப்போது விழுவது என்ற அந்தக் கணக்கு அவருக்கு அத்துப்படி.

விலங்குகளிடமும் இந்தப் பக்குவம் உண்டு. ஓநாய்களில் பலசாலி தானாகவே கீழே உருண்டு கொடுக்கும், கடியை மென்மையாக்கும். முன்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தை உயர்த்தினால், 'இது சண்டையில்லை' என்று பொருள். குரங்குகள் அதையே வாயைத் தளர்வாகத் திறந்து காட்டுகின்றன. நம் நாட்டுக்குரங்குகளில் வளர்ந்த ஆண்களும் குட்டிகளோடு விளையாடுவது பதிவாகியிருக்கிறது. ஆக, இது அம்மாக்கள் தலையில் மட்டும் கட்டவேண்டிய வேலையில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வீடுகளில் காசு புழங்காது. இந்த ஏப்ரல் கூட்டத்துக்கு அப்பாக்களையும் வரச்சொல்லியிருக்கிறேன். எப்படி விழுவது என்று காட்ட அந்தத் தாத்தாவும் வருகிறார்.