சந்தைக் கழிவு பற்றி ஒரு செய்திக்கட்டுரை: எழுதியதும் திருத்தக் கொடுத்ததும்

ஊடகக் கற்கையில் எங்களுக்கு வந்த ஒப்படை இதுதான்: ஐந்து பேர் ஒரு குழு, ஆளுக்கொரு செய்திக்கட்டுரை, யாழ்ப்பாணத்துக்குள் நடக்கும் விடயமாக இருக்க வேண்டும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்த வேண்டும். புள்ளியில் பாதி திருத்தத்துக்கு. அந்தப் பாதியை எல்லாரும் இலேசாகத்தான் எடுத்தார்கள். 1841 இல் வந்த உதயதாரகையில் தொடங்கிப் பத்திரிகை வரலாற்றைப் பாடமாக்கிச் சோதனை எழுதிப் பழகியவர்களுக்கு, பக்கத்துக் கதிரையில் இருப்பவரின் எழுத்தில் கைவைப்பது ஒரு படிப்பாகவே தெரியவில்லை.

நான் எடுத்தது சந்தைக் கழிவு. குப்பை இல்லை, நிறையில் கழிக்கிற கழிவு. கமக்காரர் மரக்கறியைக் கொண்டுபோய் யாவாரியிடம் நிறுத்துக் கொடுக்கும்போது 100 கிலோவுக்கு 10 கிலோவைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் காசு. 50 கிலோ கத்தரிக்காய், கிலோ 200 ரூபா என்று வைத்துக்கொண்டால் 1,000 ரூபா தராசிலேயே போய்விடும். குடாநாட்டில் இது பழைய கதை, பத்திரிகையில் வரும், கொஞ்ச நாள் கதைப்பார்கள், பிறகு அப்படியே கிடக்கும்.

முதல் சுற்றுத் திருத்தம் சும்மா கண்துடைப்பு. ரகர றகரத்தை மாற்றி, இரண்டு காற்புள்ளி போட்டு, வட்ஸ்அப்பில் "நல்லா இருக்கு" என்று அனுப்பிவிடுவோம். கூடப் படிக்கிறவரின் மனம் நோகக்கூடாதே. விரிவுரையாளர் இதைப் பார்த்துவிட்டு ஒரு சட்டம் போட்டார்: முதல் சுற்றில் எழுத்துப்பிழையில் தொடவே கூடாது, ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதலாம். அதற்குப் பிறகுதான் வேலை தொடங்கியது.

என் கட்டுரையைத் திருத்தியவர் வடமராட்சிப் பக்கம், தோட்டக்காரக் குடும்பம். ஓரமெல்லாம் கேள்வி. "பெரும்பாலான சந்தை எண்டு எழுதியிருக்கிறீர், எத்தினை சந்தைக்குப் போனனீர்?" "கூறப்படுகிறது எண்டால் ஆர் கூறினது?" "10 கிலோ கழிச்சதைக் கண்ணால பாத்தனீரா?" "யாவாரி சொன்னது ஒரு வரிகூட இல்லையே?" கடைசிக் கேள்விதான் கட்டுரையையே புரட்டிப் போட்டது. விடியவே சந்தைக்குப் போய்த் தராசுக்குப் பக்கத்தில் நின்றேன். மண் ஒட்டியிருக்கும், வாடும், லொறியில் கொழும்பு போய்ச் சேர்வதற்குள் ஒரு பங்கு பழுதாகும், அந்த நட்டத்தை யார் தாங்குவது என்று யாவாரி கேட்டார். நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கும் பட்டது. சரி, கிழமைக்கணக்கில் வைத்தாலும் வாடாத பூசணிக்கும் அதே கழிவா என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் ஒரே கணக்குத்தான் தம்பி" என்றார். 'சுரண்டல்' என்று எழுதி வைத்திருந்த முதல் பந்தியை எடுத்துவிட்டுப் பூசணியில் தொடங்கினேன்.

அதைவிட நீண்ட வாக்குவாதம், கதைத்த கமக்காரரின் பெயர் பற்றியது. பேரைப் போட்டால் நாளைக்குத் தன் சாமானை ஒருவரும் வாங்க மாட்டார்கள் என்று அவர் சொல்லியிருந்தார், நானும் போடவில்லை. ஆனால் ஊர், வயது, என்ன பயிர், எத்தனை பரப்புக் காணி என்பதெல்லாம் கட்டுரையில் இருந்தது. திருத்தியவர் அவ்வளவையும் வட்டம் போட்டுவிட்டார். எங்கள் ஊர்களில் பெயர் எதற்கு, எந்த ஒழுங்கையில் யார் மிளகாய் வைத்திருக்கிறார் என்பதே போதுமே! ஊரையும் பரப்பையும் எடுத்தால் கட்டுரை வெறுமையாகிவிடும் என்று நான் நின்றேன். வெறுமையாகட்டும், கமக்காரருக்குச் சந்தை வேணும் என்று திருத்தியவர் நின்றார். பயிரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்தோம். இன்றைக்கும் அந்தப் பந்தி எனக்குத் திருப்தியில்லை, ஆனால் அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

நான் திருத்திய கட்டுரையில் விடயம் ஐந்தாம் பந்தியில்தான் தொடங்கியது. "மேலே உள்ள நாலும் தேவையா?" என்று கேட்டதற்கு எழுதியவர் கொஞ்ச நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அப்புறம் தானே மூன்றை வெட்டினார்.

இனிச் செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று. சந்தைக் குத்தகை நிபந்தனைகளில் கழிவு பற்றி என்ன இருக்கிறது என்று 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி சபைக்கு விண்ணப்பித்தோம். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். சனி, ஞாயிறு, போயா, மற்ற விடுமுறை எல்லாம் கழித்துப் பார்த்தால் ஒப்படை நாள் முந்திவிடும். ஆகவே தலைப்பு உறுதியான அன்றே விண்ணப்பத்தைக் கொடுத்து, கிடைத்ததற்கான கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். பதில் வராமல் கட்டுரையைக் கொடுக்க நேர்ந்தால், எந்தத் திகதியில் என்ன கேட்டீர்கள், இன்னும் பதில் இல்லை என்று எழுதினால் போதும். நாங்கள் அப்படித்தான் கொடுத்தோம். மேன்முறையீட்டை இப்போது திருத்தியவரே எழுதிக்கொண்டிருக்கிறார், ஓரத்தில் கேள்வி போடுவது இந்த முறை நான்.