கல்லில் தட்டிய தோலும் காலணியின் ஓரமும்

சென்ற மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, முழுவதும் என் கையாலேயே தைத்த நான்காவது ஜோடிக் காலணியிலிருந்து லாஸ்டை, அதாவது காலணிக்கு வடிவம் தரும் பாத உருவ மரக்கட்டையைக் கழற்றினேன். மூன்று வாரம் மரத்தின் மேல் இறுகியிருந்த தோல், லாஸ்டின் துளையில் கொக்கியை மாட்டி இழுத்தபோது மெல்ல முனகியபடி மரத்தை விட்டது. உள்ளே விரல்களை விட்டுத் தடவிப் பார்த்தேன். பாதம் படியும் உட்புற அடியான இன்சோல், லாஸ்டின் அடிவளைவை அப்படியே வாங்கியிருந்தது. பிறகு காலணியைப் பக்கவாட்டில் திருப்பி, நெடுநேரம் அதன் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்தோலும், அதன் மேல் காலணியைச் சுற்றித் தைத்திருக்கும் வெல்ட் என்ற தோல் பட்டையும் சேர்ந்து வெளியே தெரிகிற, ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் உயரமுள்ள அந்த விளிம்பைத்தான் நாங்கள் ஓரம் என்கிறோம். இந்தப் பதிவு பெரும்பாலும் அந்த 8 மில்லிமீட்டரைப் பற்றியது.

ஆம்பூர்ப் பக்கம் உள்ள ஓர் ஏற்றுமதித் தொழிற்சாலையின் ஃபினிஷிங் பிரிவில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அங்கே ஓரம் என்பது சுழலும் கத்தியில் ஒரு சுற்று, சாயத்தில் ஒரு பூச்சு, மெழுகு தடவிய சக்கரத்தில் இன்னொரு சுற்று. ஒரு காலணிக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த வேலையை நன்றாகச் செய்வதாகவே நம்பியிருந்தேன். சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில், பெரியமேட்டின் ஒரு சந்தில், எழுபது வயதைக் கடந்த ஒரு மாஸ்டர் இன்னும் கையாலேயே காலணி தைக்கிறார் என்று நண்பர் ஒருவர் சொல்லப் போய், அவர் செய்த காலணியின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்த நாளில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. தொடுவதற்கு அது தோல் போலவே இல்லை; நெடுங்காலம் கைபட்டு வழவழத்த கருங்காலிக் கட்டையைத் தொடுவது போல இருந்தது. அன்று முதல் ஞாயிறுதோறும் ரயிலேறிப் போய்க் கற்றுக்கொண்டு வருகிறேன்.

அந்தப் பளபளப்பின் ரகசியம் ஏதோ ஒரு மெழுகில் இருக்கும் என்ற எண்ணத்தோடுதான் போனேன். அவர் என்னை மெழுகின் பக்கமே விடவில்லை. இரவெல்லாம் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த அடித்தோல் ஒன்றையும், உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஆற்றுக்கல் ஒன்றையும், முகம் அகன்ற சுத்தியல் ஒன்றையும் கொடுத்து, “தட்டுங்க தம்பி, ஓரம் இங்கதான் ஆரம்பிக்குது” என்றார். எத்தனை நேரம் தட்ட வேண்டும் என்று கேட்டதற்கு, சத்தம் மாறும் வரை என்றார். ஊறிய தோலில் முதலில் விழும் அடி மந்தமாகத்தான் ஒலிக்கும். நார்கள் நெருங்க நெருங்க ஒலி மெல்லத் தெளிந்து, கடைசியில் பலகையில் தட்டுவது போன்ற ஓசை வரும். அதற்கு எனக்கு அரை மணிக்கு மேல் ஆனது.

ஏன் தட்ட வேண்டும் என்பது தோல் பதனிடும் முறையிலேயே இருக்கிறது. இன்று உலகில் செய்யப்படும் தோலில் மிகப் பெரும்பகுதி குரோமிய உப்பால் பதப்படுத்தப்படுவது. மென்மையானது, மீள்தன்மை உடையது, கொதிநீரில் போட்டால்கூடச் சுருங்காமல் தாங்கக்கூடியது. மேல்பகுதியான அப்பருக்கு அது மிகப் பொருத்தம். ஆனால் அமுக்கினால் அமுங்கிய இடத்தில் அது நிற்காது, மீண்டும் எழும்பிவிடும். மரப்பட்டையின் துவர்ப்பில் பதப்படுத்திய தோலில், துவர்ப்புப் பொருள் நார்களுக்கிடையே புகுந்து நிறைந்து கிடப்பதால், ஈரத்தோடு அமுக்கி உலரவிட்டால் அந்த வடிவிலேயே தங்கிவிடும். அதனால்தான் அடித்தோலுக்கும் இன்சோலுக்கும் பட்டைத்தோலே வேண்டும். நம் ஊரில் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய அந்தத் தோலுக்கு வெளிநாட்டுச் சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்றே பெயர். இப்போது ஆவாரையின் இடத்தில் பெரும்பாலும் வாட்டில் என்ற மரத்தின் பட்டைச் சாறு வந்துவிட்டது என்றாலும் முறை அதேதான். என் காலணியின் உள்தோலாக இருப்பது அவ்வகை ஆட்டுத்தோல், அடித்தோல் எருமையினுடையது.

தட்டிய தோலை நிழலில் வைத்துவிட்டு இன்சோலுக்குப் போவோம். 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள பட்டைத்தோலை நனைத்து, லாஸ்டின் அடியில் ஆணியடித்து வைத்து, அது உலர்ந்து வடிவம் பிடித்த பிறகு, விளிம்பை ஒட்டி உட்புறமாகக் கத்தியால் ஒரு வரப்பு செதுக்க வேண்டும். வயலுக்கு வரப்பு எப்படியோ அப்படித்தான் இதுவும். தையல் முழுவதும் இதைப் பிடித்தே நிற்கப்போகிறது. வளைந்த குத்தூசியால் இந்த வரப்பையும், அதன் மேல் இழுத்து மடித்த அப்பரையும், வெல்ட் பட்டையையும் ஒரே துளையாகத் துளைத்து, நூலின் இரு முனைகளையும் எதிரெதிர்த் திசைகளில் அதே துளைக்குள் செலுத்தி இழுப்பதுதான் கையால் செய்யும் வெல்ட் தையல்.

அந்த நூலைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியவில்லை. லினன் இழைகள் பலவற்றைச் சேர்த்து, இரு முனைகளும் கூம்பிப் போகும்படி ஒவ்வோர் இழையையும் வெவ்வேறு நீளத்தில் பிரித்து அறுத்து, தொடையின் மேல் வைத்து முறுக்கி, பைன் மரப் பிசினும் கீலும் தேன்மெழுகும் காய்ச்சிக் கலந்த கறுப்பு மெழுகை அதில் தேய்க்க வேண்டும். குளிர் நாட்டில் மெழுகு இளகலாக இருக்க வேண்டும். சென்னை வெயிலில் தேன்மெழுகைக் குறைத்துப் பிசினைக் கூட்டாவிட்டால் நூல் கையிலேயே ஒட்டிக்கொள்ளும். முனையில் ஊசிக்குப் பதிலாகக் காட்டுப்பன்றியின் விறைத்த முடியைப் பிணைத்துக்கொள்வது பழைய வழக்கம். குத்தூசி போட்ட வளைந்த துளைக்குள் இரும்பு ஊசி முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில், முடி தானே வளைந்து வழி கண்டுகொள்ளும். துளைக்குள் நூலை வேகமாக இழுக்கும்போது உராய்வின் சூட்டில் மெழுகு இளகி, நின்றதும் இறுகி, ஒவ்வொரு தையலையும் தனித்தனியாகப் பூட்டிவிடுகிறது. எங்கோ ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் நெகிழாமல் நிற்பது இதனால்தான்.

இந்தத் தையலை இயந்திரம் செய்யத் தொடங்கியது 1870களில், குட்இயர் வெல்ட் என்று இன்றும் நாம் அழைக்கும் முறையில். அதில் செதுக்கிய வரப்புக்குப் பதிலாகப் பெரும்பாலும் இன்சோலின் அடியில் துணிப்பட்டை ஒன்றை ஒட்டி, அதில் தைக்கிறார்கள். ஒட்டு விட்டால் பிடிப்பும் விடும் என்பது அதன் பலவீனம். ஆனால் ஒழுங்காகச் செய்த குட்இயர் வெல்ட் காலணி பலமுறை அடித்தோல் மாற்றி அணியத்தக்கது, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கைத்தொழிலாளியின் கடைசிக் கோட்டையாக இருந்தது லாஸ்டிங் வேலை, அதாவது அப்பரை லாஸ்டின் மேல் சுருக்கமின்றி இழுத்து இறுக்குவது. சுரிநாமின் பரமாரிபோவில் 1852இல் பிறந்து, அமெரிக்காவின் லின் நகரத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த ஜான் மாட்ஸெலிகர் என்ற கறுப்பினத் தொழிலாளி, லாஸ்டிங் செய்பவரின் விரல்கள் என்ன செய்கின்றன என்பதை ஆண்டுக்கணக்கில் கவனித்து அதற்கும் ஓர் இயந்திரம் செய்து, 1883இல் காப்புரிமை பெற்றார். தேர்ந்த கையால் ஒரு நாளில் ஐம்பது ஜோடி முடிந்த இடத்தில், அந்த இயந்திரம் 150 முதல் 700 ஜோடி வரை முடித்தது. நான் சம்பளம் வாங்கும் தொழிற்சாலையின் லாஸ்டிங் வரிசையைப் பார்க்கும்போதெல்லாம், 36 வயதில் காசநோயால் இறந்துபோன அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன்.

வெல்ட் தைத்த பின், நடுவில் உண்டாகும் பள்ளத்தைத் தக்கையால் நிரப்பி, தட்டி வைத்த அடித்தோலை ஒட்டி, அதையும் வெல்ட்டோடு அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் வீதம் தைத்து, குதிகாலுக்குத் தோல் அடுக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றியதும் ஓர வேலை தொடங்குகிறது. முதலில் கத்தியால் சீவுதல். சீவும் கை நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் அங்கே படி விழும், அந்தப் படியைக் களைய ஓரம் முழுவதையும் ஒரு மில்லிமீட்டர் இறக்க வேண்டியிருக்கும். அடுத்து முரட்டு அரம், அதன் தடத்தை அழிக்க மென்மையான அரம். பிறகு கண்ணாடி. உடைந்த ஜன்னல் கண்ணாடியின் புதுச் சில்லை இரு கைகளாலும் சற்றே சாய்த்துப் பிடித்து இழுத்தால், தேங்காய்த் துருவலைவிட மெல்லிய தோல் சுருள்கள் உதிரும். உப்புத்தாள் நாரைக் கிழித்துப் பஞ்சாக எழுப்பும். கண்ணாடி நாரை அறுத்துவிடும். எத்தனையோ கருவிகளை விலை கொடுத்து வாங்கிய எனக்கு, குப்பையில் கிடக்கும் கண்ணாடிச் சில்லுக்கு ஈடான ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.

கண்ணாடிக்குப் பின் ஓரத்தை ஈரப்படுத்தினால் படுத்திருந்த நார்கள் எழும். எழுந்ததை மென்மையான உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் ஈரப்படுத்தி, மீண்டும் தேய்க்க வேண்டும். நனைத்தபின் எதுவும் எழாத நிலை வந்ததும் சாயம். சாயம் சற்று ஊறி, ஈரம் பாதி வாங்கியிருக்கும் வேளையில், ஓரத்தின் உயரத்துக்கேற்பப் பள்ளம் வெட்டிய இரும்பைச் சூடாக்கி அழுத்தித் தேய்க்கிறோம். நீரும் சூடும் அழுத்தமும் ஒரே நேரத்தில் சேரும் அந்தச் சில நொடிகளில்தான் மங்கலாக இருந்த தோலில் ஒரு கருமை மினுமினுத்துக்கொண்டு வரும். அதன் பிறகு கட்டி மெழுகைத் தேய்த்து, இரும்பால் உருக்கி, ஆறவிட்டு, எலும்பாலும் துணியாலும் தேய்த்து முடிப்பது பெரும்பாலும் பொறுமையின் வேலை.

என் இரண்டாவது ஜோடி பாழானது அந்தச் சில நொடிகளில்தான். ஈரமான பட்டைத்தோல் ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸிலேயே சுருங்கத் தொடங்கிவிடும் என்பது தெரியாமல், பளபளப்பு சீக்கிரம் வரட்டும் என்று இரும்பை அதிகமாகச் சூடாக்கிவிட்டேன். தொட்ட மாத்திரத்தில் ஓரம் சுருண்டு, உலர்ந்ததும் கருகிய அப்பளம் போலப் பொடிந்தது. தொழிற்சாலையில் நான் கையாள்வது பெரும்பாலும் ரப்பரும் செயற்கை அடியும் என்பதால் சூட்டைப் பற்றிய அச்சமே என் கைக்கு இல்லாமல் போயிருந்தது. மாஸ்டர் கோபிக்கவில்லை. இரும்பை ஈரத்துணியில் வைத்து எழும் ஓசையைக் கேட்கச் சொன்னார். சீறினால் கீழே வைக்க வேண்டும். மெல்ல மூச்சு விடுவது போல ஆவி வந்தால் தோலில் வைக்கலாம். அதற்கப்புறம் அந்தத் தவறு நடக்கவில்லை.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலின் பெயரையே வசையாகப் பயன்படுத்தும் பழக்கம் நம் மொழியில் இன்னும் ஒழியவில்லை. தோலின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு ஈரத்தில் எவ்வளவு சூடு தாங்கும், ஒருவர் நடக்கும்போது எந்த இடத்தில் பாரம் விழும் என்பதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கும் ஒரு மனிதர், தம் பிள்ளைகள் யாரும் இந்த வேலைக்கு வரவேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் வருமானம் மட்டுமில்லை என்பதை அவர் என்னிடம் நேராகவே சொன்னார். அதைக் கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வார்த்தை வரவில்லை.

அப்பருக்குப் பாலிஷ் போடுவது பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. கிரீம் தோலுக்குள் இறங்கி நிறத்தையும் நெகிழ்வையும் தரும். மெழுகு மேலே நின்று பளபளப்பைத் தரும். துணியில் துளி நீரும் துளி மெழுகுமாகச் சிறு வட்டங்களில் அடுக்கடுக்காகத் தேய்த்து வரவழைக்கும் கண்ணாடிப் பளபளப்பை முனையிலும் குதிகாலிலும் மட்டுமே நிறுத்திக்கொள்ள வேண்டும். நடக்கும்போது மடியும் நடுப்பகுதியில் அதைப் போட்டால் இறுகிய மெழுகு வெடித்து வெள்ளைக் கோடுகளாகும். விசேஷ வீட்டுக்குப் போகும் அவசரத்தில் காலணி முழுவதும் மெழுகை அப்பிக்கொள்கிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

நான்காவது ஜோடியை எடுத்துக்கொண்டு போன ஞாயிறு பெரியமேட்டுக்குப் போனேன். மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முனையையோ தையலையோ பார்க்காமல், கட்டைவிரல் நகத்தை ஓரத்தின் மேல் வைத்து ஒரு சுற்று ஓட்டினார். இடது காலணியின் உள்பக்கத்தில், பாத வளைவு வரும் இடத்தில், நகம் நின்றது. வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். ஒரு விரற்கடை நீளத்துக்கு மெழுகு பிடிக்காமல் மங்கலாக இருந்தது. நான் இரும்பில் சூடு குறைந்ததோ, சாயம் அதிகமானதோ என்று காரணங்களை அடுக்கத் தொடங்கினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “அந்த இடத்துல கல்லுல தட்டுனீங்களா?”

தட்டவில்லை. பாரம் விழாத இடம்தானே என்று நடுப்பகுதியை நாலு தட்டோடு விட்டிருந்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நார்கள் நெருங்காத இடத்தில் மெழுகு மேலே நிற்காமல் உள்ளே போய்விட்டது. அதை இனிமேல் சரிசெய்ய முடியாது, போட்டுக்கொண்டு நடங்கள் என்று சொல்லிவிட்டு, மூலையில் கிடந்த எருமைத் தோலில் முதுகுப் பகுதியைத் தேர்ந்து ஒரு ஜோடிக்கு வெட்டிக் கொடுத்தார். அது நேற்றிரவு முதல் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஈரத்துணிக்குள் ஊறிக்கொண்டிருக்கிறது. ஆற்றுக்கல்லைக் கழுவி வைத்திருக்கிறேன்.