படிப்பது பக்கத்து ஊரில், பட்டம் தேஞ்ஞிப்பலத்தில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், வேலந்தாவளம் பக்கமிருந்து பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளைகளில் பலர் சேர்வது காலிகட் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில்தான். வகுப்பு எடுப்பதும் வருகைப்பதிவு வைப்பதும் உள்மதிப்பெண் போடுவதும் கல்லூரியின் வேலை. இடம் ஒதுக்குவது, தேர்வு அறிவிப்பது, பட்டம் கொடுப்பது எல்லாம் மலப்புறம் மாவட்டத்துத் தேஞ்ஞிப்பலத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் கையில். எந்தக் காரியத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று முதல் மாதமே தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். எங்கள் வீட்டில் அண்ணன் பி.காம். படித்த காலத்திலேயே அடிபட்டுக் கற்ற பாடம் இது. கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு 2024 ஜூலையில் தொடங்கியபோது, அந்த முதல் அணியில் பொருளாதாரத்தில் சேர்ந்தேன். நான்கு பருவங்கள் (செமஸ்டர்கள்) முடிந்துவிட்டன. பின்னால் வரும் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விண்ணப்பம் முழுக்க இணையத்தில். எங்கள் ஊரில் எல்லோரும் அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயாவுக்குத்தான் போகிறார்கள், நானும் போனேன். அங்கே ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: தொலைபேசி எண் உங்கள் வீட்டு எண்ணாக இருக்க வேண்டும். கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் படிப்பு முடியும்வரை அந்த எண்ணுக்குத்தான் வரும். மாமா எண்ணைக் கொடுத்த தோழி ஒருத்தி, மாமா கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன நாளெல்லாம் தவித்தாள். எய்டட் (அரசு உதவி பெறும் தனியார்) கல்லூரியில், நிர்வாகமே நிரப்பும் மேனேஜ்மென்ட் இடத்துக்குப் பேசி வைத்திருக்கிறோம், இணையப் பதிவு எதற்கு என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அந்த இடங்களுக்கும் பல்கலைக்கழகப் பதிவு வேண்டும்.

வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாம் கிராம அலுவலகத்திலிருந்து வர வேண்டியவை. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்களுக்கென்று அறிவிக்கப்பட்ட பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. அப்பா அந்த உரிமையை விடுவதாயில்லை. விளக்கம் கேட்ட இடத்திலெல்லாம் தமிழில்தான் எழுதிக் கொடுத்தார். சான்றிதழ் வந்தது. ஆனாலும் மலையாள எழுத்தை வாசிக்கப் பழகிவிடுங்கள் என்றே சொல்வேன். கல்லூரி அறிவிப்புப் பலகை யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

அலாட்மென்ட், அதாவது இட ஒதுக்கீடு, வந்ததும் கட்டாயக் கட்டணத்தைக் குறித்த தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கிடைத்த இடமும் போகும், அடுத்தடுத்த அலாட்மென்ட்களிலும் நம் பெயர் இருக்காது. இதைவிடச் சிக்கலானது உயர் விருப்பம். விண்ணப்பத்தில் கல்லூரிகளை விருப்ப வரிசையில் எழுதுகிறோம்; நான் முதலில் எழுதியது பாலக்காட்டுக் கல்லூரி ஒன்று. கிடைத்தது இரண்டாவதாக எழுதிய பக்கத்து ஊர்க் கல்லூரி. கிடைத்ததே போதும் என்றால், மேலே உள்ள விருப்பங்களை நாமே உள்ளே நுழைந்து ரத்து செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால், அடுத்த சுற்றில் மேல் விருப்பம் கிடைக்கும்போது பழைய இடம் தானாகவே கைவிட்டுப் போகும். திரும்பக் கேட்க முடியாது. "பெரிய காலேஜ் கிடைத்தால் போகட்டுமே" என்றார் அப்பா. காலையில் இரண்டு பஸ், மாலையில் இரண்டு பஸ், இடையில் மாணவர் சலுகைக் கட்டணத்துக்கான கன்செஷன் கார்டைப் பார்த்ததும் முகம் சுளிக்கும் கண்டக்டர்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ரத்து செய்தேன். ஆசிரியர் நம் பெயர் தெரிந்து அழைக்கிற சிறிய கல்லூரி என்பது, பின்னால் வரப்போகும் உள்மதிப்பெண் விவகாரத்தில் எவ்வளவு பெரிய வசதி என்பது அப்பாவுக்கும் பிறகு புரிந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் கோபாலபுரத்திலிருந்து வருகிற வகுப்புத் தோழிக்குக் கூடுதல் வேலை இருந்தது. தமிழ்நாட்டுப் பிளஸ் டூ 600 மதிப்பெண்ணுக்கு. இங்கே இரண்டு ஆண்டுகளும் சேர்த்து 1200. அதைப் படிவத்தில் சரியாகப் பதிந்தாக வேண்டும். தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகள் இயக்ககம் தரும் இடப்பெயர்வுச் சான்றிதழும் கேட்டார்கள். மாற்றுச் சான்றிதழ் வேறு, இது வேறு. பிளஸ் டூ முடிவு வந்த கையோடு விண்ணப்பித்து வைப்பது நல்லது.

சேர்ந்த பிறகு முதல் வாரத்திலேயே பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேஜர் எனப்படும் முதன்மைப் பாடம் ஒன்று, மைனர் எனப்படும் துணைப் பாடம் இரண்டு, ஆங்கிலம், இன்னொரு மொழி, பல்துறைப் பாடம் ஒன்று. ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள அளவுப் புள்ளிதான் கிரெடிட்; முதல் பருவத்தில் எங்களுக்கு 21 கிரெடிட். மொழிப் பாடமாகத் தமிழ் வேண்டும் என்றால், அந்தக் கல்லூரியில் தமிழ் ஆசிரியர் உண்டா என்பதை விருப்பம் எழுதும்போதே விசாரியுங்கள். இணைப்புக் கல்லூரி என்றாலே எல்லா மொழியும் இருக்கும் என்பதில்லை. தமிழையே மேஜராக எடுக்க விரும்புகிறவர்களுக்குச் சித்தூர் அரசுக் கல்லூரி இருக்கிறது, எம்.ஏ. வரை படிக்கலாம்.

கேள்வித்தாள் ஆங்கிலத்தில் வரும். பத்தாம் வகுப்பு வரை 'தேவை', 'அளிப்பு' என்று படித்த எனக்கு முதல் பருவம் மூச்சுமுட்டியது. அண்ணனின் பழைய கேள்வித்தாள்கள் உதவவில்லை, அது 2019 பாடத்திட்டம். பாடத்திட்டக் கோப்பின் பின்னால் மாதிரிக் கேள்வித்தாள் இணைத்திருக்கிறார்கள். அதை அச்செடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் தமிழில் விடை யோசித்து, பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதிப் பழகினேன். ஆசிரியை பார்த்துவிட்டு, நீளமாக எழுதத் தேவையில்லை, வரைபடத்தைப் போட்டு அச்சுகளுக்குப் பெயர் எழுது, பாதி மதிப்பெண் அங்கேயே இருக்கிறது என்றார்.

இனி உள்மதிப்பெண். புதிய முறையில் நூற்றுக்கு 30 கல்லூரி போடுவது, 70 பல்கலைக்கழகத் தேர்வு. அந்த முப்பதைப் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றுவதற்கு முன் ஒரு தாளில் அச்சிட்டு ஒட்டுவார்கள். பார்த்துச் சரியென்றால் பெயருக்கு நேராகக் கையெழுத்திட வேண்டும். மதிய இடைவேளையில் ஒட்டுகிறார்கள், எல்லோரும் பசியில் முண்டியடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். இரண்டாம் பருவத்தில் என் வரிசையில் மைனர் பாடம் ஒன்றுக்கு நேராக எண்ணே இல்லை, ஒரு சிறு கோடுதான் இருந்தது. அசைன்மென்ட் கொடுத்திருந்தேன், வகுப்புத் தேர்வும் எழுதியிருந்தேன். கையெழுத்துப் போடாமல் அந்தத் துறைக்குப் போனேன். ஆசிரியர் பதிவேட்டைப் புரட்டினார். மதிப்பெண் அதில் இருந்தது. தாளுக்கு வரும் வழியில் விடுபட்டிருந்தது. பென்சிலால் வட்டமிட்டு, அன்றே அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்பினார்.

அலுவலகத்தில் இருக்கும் சேச்சி அதைத் திருத்தும்போது சொன்னது இது: "மோளே, இது என் மேசையில் இருக்கிறவரை அஞ்சு நிமிஷக் காரியம். தேஞ்ஞிப்பலம் போய்விட்டால் பிரின்சிபல் கடிதம், காரண விளக்கம், பிறகு காத்திருப்பு." அதற்குப் பிறகு மதிப்பெண் தாளை நான் கைப்பேசியில் படம் எடுக்காமல் நகர்வதில்லை. அசைன்மென்ட் கொடுத்த தேதியையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைக்கிறேன். சந்தேகக்காரி என்று கேலி செய்தவர்கள் இப்போது படம் அனுப்பச் சொல்லிக் கேட்கிறார்கள்.

வருகைப்பதிவு 75 சதவீதம். கல்லூரிக்குள் நடக்கும் 'படிப்பு முடக்கு' (மாணவர் ஸ்ட்ரைக்) நாள்களை எப்படிக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதை அந்தந்தக் கல்லூரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக் என்று தெரிந்தும் நான் காலை மணிக்கு முன்பே போய்விடுவேன். முதல் வகுப்பு பல நாள்களில் நடந்துவிடும்.

தேர்வுப் பதிவு ஒவ்வொரு பருவத்துக்கும் தனி. கல்லூரியில் படிக்கிறோம் என்பதால் தானாக எழுதலாம் என்று நினைக்கக் கூடாது. பல்கலைக்கழகத் தளத்தில் நாம் பதிவு செய்து, கட்டணம் கட்டி, அச்சுப்பிரதியைக் கல்லூரியில் கொடுக்க வேண்டும். கல்லூரி அதற்கு ஒப்புதல் தர வேண்டும். அபராதம் இல்லாத கடைசித் தேதி ஒன்று, அபராதத்தோடு ஒன்று. கடைசி நாளில் தளம் திணறும் என்பது ஊரறிந்தது. மறுமதிப்பீடும் இதே வழிதான், ஆனால் அவகாசம் குறைவு. முடிவு வந்த அன்றே யோசித்துவிட வேண்டும்.

தேஞ்ஞிப்பலத்துக்கு நேரில் போக வேண்டி வருவது அபூர்வம். அண்ணனுடைய கிரேடு கார்டில் (மதிப்பெண் அட்டையில்) இனிஷியல் இடம் மாறியிருந்ததால் அவனுக்குத் துணையாகப் போனேன். பாலக்காட்டிலிருந்து கோழிக்கோடு பஸ்ஸில் ராமநாட்டுகரை வரை போய், அங்கிருந்து தெற்கே திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். விடியற்காலையில் கிளம்பியும் மதியம் நெருங்கிவிட்டது. தேர்வுப் பிரிவின் பெயர் பரீட்சா பவன். திருச்சூர் முதல் வயநாடு வரை ஐந்து மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் அதுவே. எங்களுக்கு முன்னால் நின்ற வயநாட்டுப் பையன் முதல்வரின் கடிதம் கொண்டுவராததால் வெறுங்கையோடு திரும்பினான். அவ்வளவு தூரம் மலையிறங்கி வந்தவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அண்ணன் முதல்வரின் கையெழுத்து, முத்திரை, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நகல் எல்லாம் வைத்திருந்தான். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்; திருத்திய கார்டு பிறகு வந்தது. பெயர் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படியோ, புள்ளி, இடைவெளி உட்பட அப்படியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். தமிழ்நாட்டு வழக்கப்படி இனிஷியலை முன்னால் போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இங்கே பெரும்பாலும் பின்னால்.

இப்போது எனக்கு மிச்சமிருக்கும் கேள்வி, மூன்றாம் ஆண்டோடு 133 கிரெடிட்டில் பட்டம் வாங்கி நிறுத்துவதா, நான்காம் ஆண்டும் படித்து 177இல் ஆனர்ஸ் பட்டம் வாங்குவதா என்பது. அம்மா நிறுத்தச் சொல்கிறார், ஆசிரியை தொடரச் சொல்கிறார். இரண்டில் எதுவானாலும் 2 கிரெடிட் இன்டர்ன்ஷிப்பை முடித்தாக வேண்டும். எங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பிரிவில் கேட்டிருக்கிறேன். கல்லூரியின் கடிதம் கைக்கு வந்துவிட்டது. சங்கச் செயலாளர் திங்கட்கிழமை காலை, பால் அளவை முடிந்த பிறகு வரச் சொல்லியிருக்கிறார்.