ஜனவரிக் கணக்கு: ஊர்ச் சாமான் என்று ஒரு கட்டம்

ஜனவரி 1, 2025, புதன்

டிசம்பர் நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். 19,340 ரூபாய். வாடகை, கேஸ், பள்ளிக் கட்டணம் எதுவும் இதில் இல்லை, அடுக்களைக்கு மட்டும். நாங்கள் நாலு பேர்: நான், இவர், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், அத்தை.

மாத மளிகை 6,200 தான் ஆகியிருக்கிறது. மீதி எங்கே போனது என்று பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் ஆப்பைத் திறந்து பழைய ஆர்டர்களை ஒவ்வொன்றாகக் கூட்டினேன். 43 முறை, 5,870 ரூபாய். கொத்தமல்லி ஒரு கட்டு வேண்டும் என்று போனை எடுத்திருப்பேன். சில நாள் டெலிவரிக் கட்டணம் வராமல் இருக்க பிஸ்கட், ரொட்டி, ஜூஸ் என்று சேர்த்து 200 ரூபாய் ஆக்கியிருப்பேன். இங்கே தில்லியில் காய்கறிக்காரர் கொத்தமல்லியும் நாலு பச்சை மிளகாயும் கேட்காமலேயே பையில் போட்டுவிடுவார். அதற்குப் போய் 200 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

இந்த மாதம் 15,000. மளிகை 5,500, பால் 3,000, காய்கறி பழம் 3,500, முட்டை கறி மீன் 1,500, இதரம் 1,500. ஆப்பைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஜனவரி 2, வியாழன்

மளிகை வாங்கிய நாள். கோதுமை மாவு ஆர்.கே.புரம் கேந்திரிய பண்டார் என்னும் கூட்டுறவுக் கடையில். அரசு விற்கும் பாரத் ஆட்டா கிலோ 30 ரூபாய், பத்துக் கிலோ எடுத்தேன். சப்பாத்தி மிருதுவாகத்தான் வருகிறது.

துவரம்பருப்பையும் உளுந்தையும் முனிர்க்காவில் நம்மூர்க்காரர் கடையில் மூட்டையிலிருந்து அளந்து வாங்கினேன். பையில் அடைத்துப் பெயர் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 25 கிலோ வரை 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. 2022 ஜூலை 18 முதல் இப்படி. சில்லறையாக அளந்து தந்தால் அந்த வரி இல்லை. ஊரில் அரிசிச் சிப்பம் 26 கிலோ ஆனது இதனால்தான் என்று தம்பி சொன்ன பிறகே எனக்கு விஷயம் விளங்கியது. வரியைவிட எனக்குப் பெரிய லாபம் வேறு. அளந்து வாங்கினால் தேவைக்கு முக்கால் கிலோ கேட்கலாம். பாக்கெட் என்றால் ஒரு கிலோ எடுத்துத்தான் ஆகவேண்டும்.

ஜனவரி 6, திங்கள்

பால். தினம் ஒன்றரை லிட்டர் ஃபுல் கிரீம் பாக்கெட், லிட்டர் 68 ரூபாய். தெருமுனை மதர் டெய்ரி பூத்தில் இயந்திரத்திலிருந்து பாத்திரத்தில் பிடித்துத் தரும் டோக்கன் பால் 54. தில்லியில் 1974-இல் மதர் டெய்ரி வந்ததிலிருந்து எத்தனையோ வீடுகள் இந்தத் தூக்குப் பாலில்தான் வளர்ந்தன. நாங்கள் பாக்கெட்டுக்கு மாறியது சோம்பலால்தான்.

அத்தையிடம் சொன்னேன். "அந்தப் பால்ல காப்பி போட்டா தண்ணியா இருக்கும்லா" என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. நாளெல்லாம் வீட்டில் தனியாக இருக்கும் எழுபத்தாறு வயது மனுஷிக்குக் காலைக் காப்பியும் மூன்று மணிக் காப்பியும்தான் பொழுது. அதில் கை வைக்க எனக்கு மனமில்லை. காப்பிக்கு அரை லிட்டர் பாக்கெட், தயிருக்கும் மகளுக்கும் ஒரு லிட்டர் டோக்கன் பால் என்று முடிவாயிற்று. நாளைக்கு 14 ரூபாய் மிச்சம். இவர் காலை நடையை பூத் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜனவரி 8, புதன்

வாரச் சந்தை. குளிர்காலத் தில்லியில் காய்கறி வாங்குவது தனி சந்தோஷம். அக்டோபரில் கிலோ 160 கொடுத்த பட்டாணி இன்று 40. சிவப்புக் கேரட் 30. இலையோடு முள்ளங்கி 20. காலிஃப்ளவர் தலையளவு ஒன்று 20 ரூபாய். இரவு எட்டரைக்கு மேல் கடைகளைக் கட்டத் தொடங்கும்போது போனால் இன்னும் இறங்குகிறது. கால் கிலோவுக்கு இங்கே பாவ் என்று பெயர். பூண்டை மட்டும் பாவ் கணக்கில்தான் கேட்க முடிந்தது. அந்தப் பாவ் 100 ரூபாய்.

மொத்தம் 410 ரூபாய்க்கு இரண்டு பை நிறைந்தது. முள்ளங்கி சாம்பாருக்கு, அதன் இலை பருப்புக் கூட்டுக்கு.

ஜனவரி 9, வியாழன்

இதை எழுதியே ஆகவேண்டும். ஒன்றாம் தேதியிலிருந்து தேங்காய் வாங்கவில்லை. ஒரு காய் 60 ரூபாய். வாரம் நாலு ஆகும் வீடு. பொட்டுக்கடலைச் சட்னி, தேங்காய் போடாத பொரியல், சின்ன வெங்காயத்துக்குப் பதில் பெரிய வெங்காயம் என்று ஓட்டினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாலு தோசை சாப்பிடும் அத்தை இரண்டோடு எழுந்துவிடுகிறார்கள். மகள் டிபனை மிச்சம் வைத்துவிட்டு ஏழு மணிக்கு நூடுல்ஸ் போட்டுச் சாப்பிடுகிறாள். தேங்காயில் மிச்சம் பிடித்தது நூடுல்ஸில் போகிறது.

"இதரம்" என்பதை அடித்துவிட்டு "ஊர்ச் சாமான்" என்று எழுதினேன். தேங்காய், சின்ன வெங்காயம், நல்லெண்ணெய், காப்பித் தூள். தில்லியில் இவையெல்லாம் விலை கூடத்தான். வெகுதூரம் வருகின்றன. ஆனால் இவை இல்லாத சமையலை எங்கள் வீட்டில் மனசோடு சாப்பிட மாட்டார்கள். குறைக்க வேண்டியவை வேறு இருக்கின்றன. அந்தக் கட்டத்தை எழுதும் பொறுப்பை அத்தையிடம் கொடுத்தேன். இரண்டு காய் வாங்கி வந்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

திருநெல்வேலியிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸில் சித்தப்பா மகன் வந்தான். பனிமூட்டத்தால் வண்டி ஆறு மணி நேரம் தாமதம். நிஜாமுத்தீன் நடைமேடையில் இவர் காத்துக் கிடந்து வந்தார். அம்மா கொடுத்துவிட்ட சாக்கில் சிறுகிழங்கு, பனங்கிழங்கு, வற்றல், குழம்பு மிளகாய்த் தூள், இரண்டு பெரிய கறிவேப்பிலைக் கட்டு. சிறுகிழங்கு தை மாதத்தையொட்டித்தான் வரும். தில்லியில் நான் கண்ணால் பார்த்ததில்லை. சாக்கில் தேய்த்துத் தோல் எடுக்க அத்தை பால்கனி வெயிலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் நோட்டில் என்ன விலை எழுதுவது என்று மகள் கேட்டாள். நான் எழுதவில்லை.

ஜனவரி 13, திங்கள்

கரும்பு இரண்டு 200, மஞ்சள் கொத்து 100, வெற்றிலை வாழைப்பழம் 60. பொங்கலுக்கு ஒரு லிட்டர் பால் கூடுதல். இதில் பேரம் பேசவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

மகளுக்கு ப்ரீ-போர்டு பரீட்சை நடக்கிறது. வெள்ளி இரவு பத்தரைக்கு ரொட்டி வேண்டும் என்றாள், இவர் தன் போனில் ஆர்டர் செய்தார். ரொட்டியோடு வந்தவை: சீஸ், சாக்லேட், ஒரு பாக்கெட் பாப்கார்ன். 285 ரூபாய். நான் கோபப்படவில்லை. படிக்கிற பிள்ளைக்கு இரவில் பசிக்கும், அதற்கு வீட்டில் ஒன்றும் இல்லாதது என் தவறு. இன்று வேர்க்கடலை வறுத்து வெல்லப் பாகில் உருண்டை பிடித்தேன், அவல் மிக்சர் ஒரு டப்பா செய்தேன். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியாயிற்று. எது தீரப்போகிறதோ, அதை எடுப்பவர் எழுத வேண்டும். புதனும் ஞாயிறும் மட்டும் கடை.

ஜனவரி 23, வியாழன்

எண்ணெய். கச்சா சூரியகாந்தி எண்ணெய்க்கான இறக்குமதி வரியை 2024 செப்டம்பரில் 5.5 விழுக்காட்டிலிருந்து 27.5 ஆக்கினார்கள். சோயாவுக்கும் பாமாயிலுக்கும் அப்படியே. நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது, அதனால் விலை உடனே அடுக்களைக்கு வந்துவிட்டது. விலை நம் கையில் இல்லை, அளவு இருக்கிறது. ஐந்து லிட்டர் கேனிலிருந்து நேரே சட்டியில் ஊற்றும் பழக்கத்தை விட்டு, வாரத்துக்கு முக்கால் லிட்டர் தூக்குவாளியில் எடுத்து வைக்கிறேன். பூரி செய்த வாரம் போதவில்லை. மற்ற வாரங்களில் மிஞ்சியது.

ஜனவரி 26, ஞாயிறு

தக்காளி கிலோ 25. நாலு கிலோ வாங்கித் தொக்கு கிளறினேன். 2023 ஜூலையில் தில்லியில் தக்காளி 200-ஐத் தாண்டியபோது, கூட்டுறவு அமைப்பான என்.சி.சி.எஃப். வேன்களில் 90 ரூபாய்க்கு விற்றார்கள். அப்புறம் 80, 70 என்று குறைத்தார்கள். அந்த வெயிலில் இரண்டு கிலோவுக்கு நான் வரிசையில் நின்றிருக்கிறேன். மழைக்காலத்தில் வரத்து குறைந்து ஏறும் பொருளை இப்போதே நல்லெண்ணெயில் சுண்டவைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். காலையில் டிவியில் அணிவகுப்பு ஓடிக்கொண்டிருக்க, இவர் கிண்டினார்.

ஜனவரி 31, வெள்ளி

மளிகை 5,720. பால் 2,866. காய்கறி பழம் 2,910. முட்டை கறி மீன் 1,430. ஊர்ச் சாமான் 2,480. மொத்தம் 15,406. நினைத்ததைவிட 406 அதிகம், டிசம்பரைவிட 3,934 குறைவு.

ஊர்ச் சாமானில் மட்டும் 980 கூடியிருக்கிறது. அத்தையின் கையெழுத்தில் வரிசையாக இருக்கிறது: தேங்காய் பதினாலு 840, காப்பித் தூள் ஒரு கிலோ 700, நல்லெண்ணெய் 400, சின்ன வெங்காயம் ஒன்றரைக் கிலோ 180, பொங்கல் 360. இதில் எதை எடுப்பது என்று பார்த்தேன். எடுக்க எதுவும் இல்லை, நான் போட்ட 1,500 தான் தப்பு.

பிப்ரவரிக்கு மளிகை 5,700, பால் 2,600, காய்கறி 3,000, முட்டை கறி மீன் 1,500, ஊர்ச் சாமான் 2,200. அதே 15,000.

எழுதி முடித்துக் காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஃப்ரிட்ஜ்ல அரை மூடி கெடக்கு, திங்கக்கிழமை வரைக்கும் காய் வாங்க வேண்டாம்" என்றார்கள்.