143ஆம் பக்கத்து நிலா

ஜனவரி 3, 2024. புதன்

நந்தனத்தில் புத்தகக் காட்சி இன்று தொடக்கம். 47ஆவது. நான் இங்கே குத்தாலத்தில், அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில்.

ராத்திரி எட்டே முக்காலுக்குப் பதிப்பாளர் போன். "முதல் நாளே இருபத்தி ரெண்டு போயிருக்கு மேடம். பேரைச் சொல்லிக் கேட்டு வாங்கறாங்க."

பேரைச் சொல்லிக் கேட்டு. எழுத வந்து பதினோரு வருஷத்தில் இந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த பிறகுதான் போனைக் கீழே வைத்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "நல்லது" என்றாள். டிசம்பரில் கையில் கொடுத்த என் துப்பறியும் நாவல் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஜனவரி 4. வியாழன்

ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார். அப்படியே எடுத்து எழுதி வைக்கிறேன்.

"அம்மா, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. ஒரே ஒரு விஷயம். 143ஆம் பக்கத்தில் தேய்பிறை அஷ்டமி என்று சொல்லியிருக்கிறீர்கள். மணி பத்து. கிணற்றடியில் நின்ற ஆளின் முகம் நிலா வெளிச்சத்தில் தெரிந்தது என்கிறீர்கள். தேய்பிறை அஷ்டமிக்கு நிலா கிளம்பவே நடுராத்திரி ஆகும். ராத்திரியில் தண்ணீர் பாய்ச்சுகிறவன் என்பதால் கண்ணில் பட்டது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்."

வயிற்றைப் பிசைந்தது. அந்தச் சாட்சி விழுந்தால் வழக்கே விழுந்தது. அச்சுக்கு முன் நாலு பேர் படித்தார்கள். நான் எத்தனை தடவை படித்திருப்பேன்!

தினசரிக் காலண்டரைப் பார்த்தால் இன்றைக்கே தேய்பிறை அஷ்டமி. பத்து மணிக்குக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். கும்மிருட்டு. கிணற்றின் மேல் தாத்தா போட்ட கம்பி வலைகூடத் தெரியவில்லை. திரும்ப வந்து படுத்துத் தூக்கம் வராமல் மறுபடி போனேன். ஒரு மணி வாக்கில் கிழக்கே தென்னைக்கு மேலே பாதி நிலா நின்றது. அவர் சொன்னது அத்தனையும் சரி.

உள்ளே வந்தபோது அம்மா விழித்திருந்தாள். "இந்நேரத்துல அங்க என்ன பண்றே?"

நிலா பார்த்தேன் என்றேன்.

ஜனவரி 5. வெள்ளி

அம்மா கையில் புத்தகம். பக்கம் 9. அடையாளத்துக்கு மருந்துக்கடை ரசீது.

ஜனவரி 6. சனி

வழி கிடைத்துவிட்டது. ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். தேய்பிறை என்பதை வளர்பிறை ஆக்கிவிட்டால் பத்து மணிக்கு நிலா மேற்கே இருக்கும், நடுராத்திரி வாக்கில்தான் மறையும். முகம் தெரியும். அடுத்த பதிப்பு வந்தால் போட்டுவிடலாம் என்று பதிப்பாளர் சொன்னார். ஆரணிக்காரருக்கு நன்றி எழுதினேன். இப்படிப் படிக்கிற ஒருவர் கிடைப்பது பெரிய பாக்கியம், மனசாரச் சொல்கிறேன்.

இன்றைக்கு 41 பிரதி.

ஜனவரி 7. ஞாயிறு

ராத்திரி முழுக்க மழை. மார்கழி கடைசியில் இப்படியா பெய்யும்! சம்பா கதிர் பிடித்து நிற்கிற நேரம். எதிர்வீட்டு அண்ணன் விடியுமுன் குடையோடு வயலுக்குப் போனவர் எட்டு மணிக்கு வந்து திண்ணையில் பேசாமல் உட்கார்ந்தார். சாய்ந்துவிட்டதாம்.

அவருக்கு முன்னால் போனில் புத்தகக் கணக்குப் பேச வாய் வரவில்லை.

ஜனவரி 8. திங்கள்

மழையால் புத்தகக் காட்சிக்கே இன்று விடுமுறை. மைதானத்தில் தண்ணீர். எங்கள் கடையில் கீழ் அடுக்குப் புத்தகங்களை மேசைமேல் ஏற்றிவிட்டார்களாம்.

அம்மா பக்கம் 38. கிணறு வருவது 52இல்.

ஜனவரி 9. செவ்வாய்

பஸ் ஸ்டிரைக். பிசியோதெரபி பெண் வரவில்லை. நானே அம்மாவைப் பிடித்து வாக்கரில் நடக்க வைத்தேன். கட்டிலிலிருந்து கூடத்துத் தூண் வரைக்கும் பதினான்கு அடி. வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள், "அந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம்னு எழுதியிருக்கே, புதுக்கோட்டைப் பக்கம் நீ எப்பப் போனே?"

போனதில்லை என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜனவரி 11. வியாழன்

அமாவாசை. சமையல் முடிய ஒரு மணி ஆகிவிட்டது. மத்தியானம் முழுக்கக் கடிதங்கள்தான். எதை விடுவது, எதை எழுதுவது!

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி போட்டோ அனுப்பியிருக்கிறாள். ஒரே அறையில் மூன்று பேர், மூன்று பேருக்கும் வேறு வேறு ஷிப்ட். யார் முதலில் படிப்பது என்று சண்டை வந்து, புத்தகத்தை முதுகுப் பக்கம் பிளேடால் அறுத்து மூன்று கட்டாக்கி நூல் போட்டுத் தைத்துவிட்டார்கள். மூன்றாவது கட்டை முதலில் எடுப்பவள் அறையைக் காலி செய்யவேண்டும் என்று சட்டமாம். நூல் ஊதா நிறம், கம்பெனி நூல். அந்தப் படத்தைப் பெரிதாக்கித் தையலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாரப் பத்திரிகையில் தொடர்கதை கிழித்துச் சேர்த்து அம்மா இப்படித்தான் தைப்பாள், கோணி ஊசியால். பரணில் இன்னும் எட்டு இருக்கின்றன. எந்தத் துப்பறியும் கதையிலும் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் ஆளைச் சொல்லிவிடுவாள். ஐந்தாவது படிக்கும்போது நான் அசந்துபோய்ப் பார்த்தது அது.

திண்டுக்கல்லிலிருந்து பதினொன்றாம் வகுப்புப் பெண்: கணக்கு நோட்டுக் கடைசிப் பக்கத்தில் சந்தேகப் பட்டியல் போட்டு, அத்தியாயத்துக்கு ஒருவராக அடித்துக்கொண்டே வந்தாளாம். மிஞ்சியவர் தப்பான ஆள். கோபமாக எழுதியிருக்கிறாள். அந்தக் கோபம் எனக்கு வேண்டும்.

ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர்: "நூற்றி எழுபத்தி நாலாவது பிரிவில் போட்டுச் சந்தேக மரணம் என்று மூடிய கட்டுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். உங்கள் கதையில் அதைத் திறந்தீர்கள். தூக்கம் போச்சு."

தடய மருத்துவம் நடத்தும் ஆசிரியை ஒருவர் டயாட்டம் பற்றி நீளமாக எழுதியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத பாசி அது, கூடு சிலிக்கா, கடும் அமிலத்தில் போட்டாலும் கரையாது. உயிரோடு மூழ்குகிறவர் தண்ணீரை மூச்சோடு இழுக்கும்போது நுரையீரலைத் தாண்டி ரத்தத்தோடு எலும்பு மஜ்ஜை வரைக்கும் போய்ச் சேரும். இதயம் நின்ற பிறகு போட்டால் அவ்வளவு தூரம் போக வழியில்லை. ஒரு நீர்நிலையின் பாசி இன்னொன்றின் பாசி மாதிரி இருக்காது. அதை வைத்துத்தான் என் கதையில் கிணற்றில் எடுத்த உடம்பு ஏரியில் மூழ்கியது என்று தெரியவரும். "சோதனை எப்போதும் கைகொடுக்காது, அதை மட்டும் வைத்து நாங்கள் முடிவு சொல்வதில்லை. உங்கள் டாக்டரும் அந்தத் தயக்கத்தோடு பேசியது எனக்குப் பிடித்தது" என்கிறார். அந்தத் தயக்கத்தை எழுத எனக்கு மூன்று மாசம் ஆயிற்று.

அம்மா பக்கம் 52. ரசீது நேற்றும் அங்கேதான் இருந்தது.

ஜனவரி 12. வெள்ளி

52.

ஜனவரி 13. சனி

முதல் பதிப்பு தீர்ந்தது! 500 பிரதி. காட்சி முடிய இன்னும் எட்டு நாள் இருக்கிறது, கடையில் ஒன்றுகூட இல்லை. பொங்கலுக்கு அச்சகம் மூடுவதற்குள் இரண்டாம் பதிப்பை ஏற்றப் பதிப்பாளர் ஓடிக்கொண்டிருக்கிறார். வளர்பிறைத் திருத்தத்தை ஞாபகமாகச் சேர்த்துவிட்டார்.

கேசரி கிளறினேன். எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனபோது அண்ணன், சாய்ந்த கதிரில் பாதி தேறும் என்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டார். "ஒம் புத்தகம் அம்புட்டும் வித்துப்போச்சாமே" என்று அவரே கேட்டார். கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு ஊட்டினேன். முந்திரியை எடுத்து எனக்குத் திருப்பிக் கொடுத்தாள், சின்னப் பிள்ளையில் கொடுப்பது மாதிரி.

ஜனவரி 15. திங்கள்

பொங்கல். பால் கிழக்கே பொங்கியது. பக்கம் 88.

ஜனவரி 18. வியாழன்

119. நேற்று காணும் பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லோரும் புத்தகத்தைப் பற்றியே பேசினார்கள். சித்தப்பா மகன், "கிணத்துல விழற சீன் அப்படியே கண்ணு முன்னாடி நிக்குதுக்கா, எப்படிக்கா யோசிச்சே?" என்று கூடத்தில் சத்தமாகக் கேட்டான். அம்மா முறுக்கை உடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கையைத்தான் பார்த்தேன். கை நிற்கவில்லை.

நான் யோசிக்கவில்லை. என் ஏழாவது வயசில் பரணில் ஒரு தகரப் பெட்டியில் நீலத் தாவணி பார்த்தேன். யாருடையது என்று கேட்டதற்குப் பாட்டி, "ஒம் பெரியம்மாளோடது. கால் தவறி விழுந்துட்டா" என்று சொல்லிப் பெட்டியை மூடினாள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. வேறு யாரும் எதுவும் சொன்னதில்லை, போட்டோவும் கிடையாது. அந்தக் கிணற்றில் யாரும் தண்ணீர் இறைத்து நான் பார்த்ததில்லை. ஊரை மாற்றினேன், சாதி சனம் எல்லாம் மாற்றினேன். கைப்பிடிச் சுவரில் தெற்குப் பக்கம் ஒரு கல் மட்டும் சின்னதாக இருக்கும். அதை மாற்ற மனசு வராமல் அப்படியே எழுதிவிட்டேன். அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதியிருக்க வேண்டும். எழுதும்போது ஒவ்வொரு மாசமும் கேட்கலாம் என்று இங்கே வந்தேன், கேட்காமலே பஸ் ஏறினேன். இப்போது முன்பின் தெரியாத ஐந்நூறு பேர் படித்துவிட்டார்கள். அவள் 119இல் இருக்கிறாள். அந்தக் கல் 121இல்.

ஜனவரி 19. வெள்ளி

இரண்டாம் பதிப்பு கடைக்கு வந்துவிட்டது. நாளைக்கு நான் வருவதாக எழுதி வைத்துவிட்டார்களாம். தம்பி மனைவி வந்து இருக்கிறேன் என்கிறாள். அம்மாவும் "போயிட்டு வா, ஒனக்காக வராங்க" என்றாள்.

141.

ஜனவரி 21. ஞாயிறு, ரயிலில்

நேற்று நாலு மணிக்குக் கடையில் உட்கார்ந்தவள் எட்டரைக்குத்தான் எழுந்தேன். விரல் இன்னும் மரத்துக் கிடக்கிறது.

வாழ்நாளுக்கும் போதும் எனக்கு. ஓர் அப்பாவும் மகனும் ஒரே பிரதியை நீட்டி இரண்டு பேர் பெயரையும் எழுதச் சொன்னார்கள். பையன் இன்னும் முடிக்கவில்லை, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றான், வரிசையில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று. வரிசையே அவனுக்காகக் குரலைத் தாழ்த்திக்கொண்டது. அறுபது வயசுக்காரம்மா ஒருவர் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார். ஓரமெல்லாம் சுண்ணாம்புக் கறை, 52ஆம் பக்கத்து முனை மடிந்திருந்தது. "இதுக்கு மேல மூணு நாள் படிக்கலை. எங்க வீட்லயும் ஒரு கிணறு இருந்துது" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பின்னாலிருந்து ஒரு பெண், "மேடம், அந்தக் கிணறு நெசமா?" என்று கேட்டாள்.

கற்பனைதான் என்றேன். சுண்ணாம்புக்கார அம்மா என்னையே பார்த்தார்.

ஜனவரி 22. திங்கள்

புத்தகம் ஜன்னல் கட்டையில் இருந்தது. ரசீது இல்லை.

சாப்பாடு முடிந்து விளக்கை அணைக்கப் போகும்போது, "முடிச்சிட்டேன்" என்றாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"நல்லா இருக்கு. ஆளு யாருன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியலை."

இதற்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது.

"எலும்புல பாசி பாக்கறது, அப்படியெல்லாம் நெசமா இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்பவே இருந்துச்சா?"

இருந்துச்சு என்றேன். நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம். அம்மா போர்வை நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

"நிலாதான் தப்பு" என்றாள்.

ஆமாம்மா, ஒருத்தர் எழுதியிருந்தார், வளர்பிறை என்று மாற்றியாகிவிட்டது என்று சொன்னேன்.

"வளர்பிறை அஷ்டமியும் இல்லை. மூணாம் பிறை அன்னிக்கு. அது விளக்கு வெச்ச கொஞ்ச நேரத்துல போயிடுச்சு. நிலா எங்க இருந்துச்சு? அரிக்கேன்தான் இருந்துச்சு."

யார் கையில் என்று கேட்க எனக்குக் குரல் எழும்ப வெகுநேரம் ஆனது. கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூங்கவில்லை, மூச்சில் தெரிந்தது.

ஜனவரி 23. செவ்வாய்

காட்சி முடிந்தும் கேட்டு வருகிறதாம், மூன்றாம் பதிப்பு போகிறது. திருத்தம் ஏதாவது உண்டா, சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள் என்றார் பதிப்பாளர். உண்டு என்றேன். என்னவென்று கேட்டார். 143ஆம் பக்கத்தில் என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அம்மா யாரையும் கூப்பிடாமல் தானே வாக்கரைப் பிடித்து எழுந்திருக்கிறாள். கூடத்துத் தூணைத் தாண்டிவிட்டாள். கொல்லைத் தாழ்ப்பாளைத் திறந்துவிடச் சொல்லி அங்கிருந்து என்னைக் கூப்பிடுகிறாள்.